ஆடும் தளத்தில் நிற்கக் கற்றவள்

இரட்டைப் பெண்களைப் பெற்றதில் அந்தத் தையல்காரம்மாவுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. ஒருத்திக்கு அளவெடுத்தால் போதும். துணியை இரண்டாக மடித்துப் போட்டு, இரண்டு பேருக்கும் ஒரே வெட்டில் முடித்துவிடலாம். பதின்மூன்று வயது வரைக்கும் அப்படித்தான் நடந்தது. அந்த வருஷம் பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்பு புதுச் சீருடையைப் போட்டுப் பார்க்கச் சொன்னபோது, மூத்தவளுக்குக் கச்சிதமாக இருந்த பாவாடை இளையவளுக்கு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது.

அம்மா முதலில் கத்தரியைத் திட்டினாள். பிறகு மெஷினைத் திட்டினாள். அதன் பிறகு மகளிடம் நேராக நிற்கச் சொன்னாள். நேராகத்தான் நிற்கிறேன் என்றாள் இளையவள். விளிம்பைப் பிரித்து மறுபடி தைத்தும் பாவாடை சாய்ந்தது. மூத்தவளுடையதைக் கழற்றி இவளுக்குப் போட்டாலும் சாய்ந்தது. தரையில் சிந்திக் கிடந்த குண்டூசிகளைப் பொறுக்கச் சொன்னதும் இளையவள் முழங்காலை மடக்காமல் அப்படியே குனிந்தாள். அப்போதுதான் அம்மா பார்த்தாள். குனிந்த முதுகின் வலது பக்கம் மேடாகப் புடைத்திருந்தது. இடது பக்கம் பள்ளமாகக் கிடந்தது.

அம்மா கிட்டே வந்தாள். உள்ளங்கையை அந்த மேட்டில் வைத்து மெல்லத் தடவினாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. ஊசி குத்திடப் போகுது, எழுந்திரு."

அன்று சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா அவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா பயணிகள் படகு ஓட்டுகிறவர். கழிமுகத்தின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நாள் முழுக்கப் போய்வருகிற பழைய படகு அது. நான் அந்தப் படகில் தினமும் அலுவலகம் போய்வருகிறவன் என்பதால் அந்தக் குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இரட்டையர்கள் நடக்கப் பழகியதே படகில்தான். கரையை விட்டு விலகும்போது படகு ஒரு குலுக்கு குலுக்கும். பெரிய மனிதர்களெல்லாம் கம்பியைத் தாவிப் பிடிப்போம். இந்த இரண்டு வாண்டுகளும் கையைக் கட்டிக்கொண்டு நடுத்தளத்தில் நின்று எங்களைப் பார்த்துச் சிரிக்கும். அதில் அப்பாவுக்குத் தாங்க முடியாத பெருமை. ஆனால் ஒரு வருஷமாக இளையவள் விழ ஆரம்பித்திருந்தாள். குலுக்கும்போது விழுந்தாள், படகு திரும்பும்போது விழுந்தாள். தலைக்குக் குளிக்கையில் கண்ணை மூடினால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கவனம் எங்க இருக்கு உனக்கு?" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டார்கள். அவளும் தன் கவனத்தில்தான் ஏதோ கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டினார். நேர்கோடாக இருக்க வேண்டிய முதுகெலும்பு நெளிந்துபோகும் ஓடை மாதிரி இருந்தது. ஸ்கோலியோசிஸ் என்றார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்வது. பிள்ளைகள் மளமளவென்று வளர்கிற வயதில்தான் பெரும்பாலும் தலைகாட்டும், பெண் பிள்ளைகளிடம் அதிகமாக வளரும் என்று விளக்கினார்.

அப்பா தயங்கித் தயங்கி, தான் படகிலிருந்து துறைக்குக் குதிக்கப் பழக்கியதால் வந்ததா என்று கேட்டார். அம்மா புத்தகப் பையைச் சந்தேகப்பட்டாள், படுக்கிற விதத்தைச் சந்தேகப்பட்டாள். மருத்துவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். இன்ன காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, நீங்கள் செய்தது எதனாலும் இல்லை என்றார். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவசம் ஒன்றை நாளின் பெரும்பகுதி போட்டிருக்க வேண்டும், உடற்பயிற்சி சிகிச்சைக்கு வர வேண்டும், வளர்ச்சி முடிவதற்குள் வளைவு ஓர் அளவைத் தாண்டினால் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். அறுவை சிகிச்சை என்ற வார்த்தை வந்ததும் அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்தவள், வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

பயிற்சி அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, தரையில் நீலப் பாய்கள், மூலையில் பெரிய ரப்பர் பந்துகள். பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் படிப்பை முடித்து வந்து அதிக நாள் ஆகாத சின்னப் பெண். வேகமாகப் பேசுவாள். கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டே அதை அறை முழுக்கத் தேடுவாள். இரட்டையர்கள் அவளுக்கு அன்றைக்கே 'அளவு அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். தன் கடைக்கே வந்த மாதிரி இருக்கிறது என்று அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

அளவு அக்கா எடை பார்க்கும் மெஷின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரு கால் இதில், ஒரு கால் அதில். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலிலும் சமமாக நிற்கச் சொன்னாள். இளையவள் நின்றாள். சமமாக இருக்கிறதா என்று கேட்டதற்கு இருக்கிறது என்றாள். கண்ணைத் திறந்து கீழே பார்த்தால், இடது பக்கத்து முள் எங்கோ போயிருந்தது, வலது பக்கத்து முள் பாதியில் கிடந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றாள் இளையவள். அம்மாவின் மகள்தானே.

மெஷின்களை இடம் மாற்றி வைத்தார்கள். முள் மாறவில்லை. மூத்தவள் ஏறி நின்றாள். இரண்டு முள்ளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. இளையவளின் முகம் சுண்டிப்போயிற்று.

"உன் உடம்பு பொய் சொல்லல," என்றாள் அளவு அக்கா. "இப்படி நிக்கிறதுதான் நேர்னு அதுக்குப் பதிஞ்சுபோச்சு. கண்ணு தொறந்திருக்கும்போது எப்படியோ சமாளிச்சுக்குது. கண்ணை மூடினாலோ தரை ஆடினாலோ தடுமாறுது. நாம அதுக்கு வேற நேர் ஒண்ணைப் பழக்கணும்."

"வளைவு போயிடுமா?"

"போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். கூடாம பிடிச்சுவைக்கப் பார்க்கலாம். ஆனா நிக்கிறது, நடக்கிறது, திரும்புறது இதெல்லாம் நல்லா ஆகும். நீ செஞ்சா."

அப்பாவின் காதில் இதில் பாதிதான் ஏறியது. வழியெல்லாம், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும், பயிற்சி செய்தால் சரியாகிவிடுமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டின் முன்னறையில், தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் கிடைத்த இடம்தான் பயிற்சிக்கூடம் ஆனது. ரவிக்கை போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கான நிலைக்கண்ணாடி அங்கேயே இருந்தது. உச்சந்தலையை யாரோ மேலே இழுப்பதுபோல் உடம்பை நீட்டி நிற்க வேண்டும். அம்மா பள்ளமான பக்கத்தில் கையை வைத்து, இங்கே மூச்சை அனுப்பு என்பாள். முதுகுக்குள் மூச்சை எப்படி அனுப்புவது என்று முதல் வாரம் இளையவளுக்குப் புரியவில்லை. ஒருநாள் அம்மாவின் உள்ளங்கை லேசாக மேலே எழும்பியது. இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மடித்த மெத்தைமேல் ஏறி நிற்பது, ஒரு காலில் நிற்பது, ஒரு காலில் நின்று பந்தைப் பிடிப்பது, கடைசியில் இதையெல்லாம் கண்ணை மூடிச் செய்வது.

அந்தக் கவசம்தான் பெரிய கொடுமை. வெயில் காலத்தில் உள்ளே பனியன் நனைந்து, இடுப்பில் தோல் சிவந்து வெந்துபோகும். வகுப்பில் யாராவது பின்னாலிருந்து விரல் முட்டியால் தட்டிவிட்டு, "உள்ள யாரு?" என்று கேட்பார்கள். இளையவள் முதலில் அழுதாள். பிறகு, "ஆமை. வெளிய வந்தா கடிக்கும்," என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். தட்டுவது தானாக நின்றது.

பள்ளியைச் சமாளித்தவளால் வீட்டைச் சமாளிக்க முடியவில்லை. துணைக்கு நிற்கிறேன் பேர்வழி என்று மூத்தவளும் தினமும் கூடவே பயிற்சி செய்தாள். நல்ல மனதோடுதான் செய்தாள். ஆனால் எதைச் செய்தாலும் அவளுக்குக் கைவந்தது. இளையவள் மெத்தைமேல் தள்ளாடும்போது, இவள் பக்கத்தில் ஒரு காலில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் ஒரே முகம் இரண்டு தடவை தெரிந்தது. ஒன்று நேராக, ஒன்று கோணலாக. ஒருநாள் இளையவள் மெத்தையிலிருந்து விழுந்து, எழாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ இனிமே பக்கத்துல நிக்காதே," என்றாள்.

"நான் என்னடி பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. நீ பக்கத்துல இருந்தா நான் உன்னைத்தான் பார்க்குறேன். என் காலைப் பார்க்க முடியல."

மூத்தவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட அம்மா வழியாகத்தான் நகர்த்தினார்கள். அந்த வாரத்தில் ஒருநாள், இளையவள் குளிக்கப் போயிருந்தபோது, மூத்தவள் அந்தக் கவசத்தை எடுத்துத் தான் மாட்டிக்கொண்டாள். அது இளையவளின் வளைவுக்கென்று அச்செடுத்துச் செய்தது. நேரான உடம்பில் அது விலாவைக் குத்திப் பிடித்துக்கொண்டது. வார்ப்பட்டை பின்பக்கம் இருந்ததால் தானாகக் கழற்றவும் வரவில்லை. முனகல் கேட்டு அம்மா ஓடி வந்து அவிழ்த்துவிட்டாள். திட்டலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

மூத்தவள் மூச்சு வாங்கிக்கொண்டு, "இதைப் போட்டுக்கிட்டா அவ நாள் முழுக்க ஸ்கூல்ல உக்காந்திருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் இளையவள் கவசத்தோடு வந்து நின்றபோது, அம்மாவுக்கு முன்னால் மூத்தவளின் கை வந்து வார்களை இழுத்துக் கட்டியது. தங்கையின் முதுகுப் பக்கம் நின்றுகொண்டதால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "இறுக்கமா இருக்கா?" "இன்னொரு ஓட்டை தள்ளிப் போடு." பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது. பயிற்சி நேரத்தில் மட்டும் மூத்தவள் உள்ளறைக்குப் போய்விடுவாள்.

ஓராண்டு கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு கொஞ்சம் கூடியிருந்தது. அதிகமில்லை, அறுவை சிகிச்சை அளவுக்கு வரவில்லை, ஆனால் கூடியிருந்தது. அப்பா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நல்ல சேதி கேட்கத்தான் வந்திருந்தார். படத்தைப் பார்த்தவர் அப்படியே தளர்ந்துபோனார். பயிற்சி அறைக்கு வந்து அளவு அக்காவிடம் கேட்டார்.

"அப்போ இத்தனை நாளா இந்தப் பிள்ளை பட்ட பாடெல்லாம் வீணாம்மா?"

அவள் வழக்கமான வேகத்தில் பேசவில்லை. செய்யாமலே இருந்திருந்தால் எவ்வளவு கூடியிருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது என்றாள். பிறகு பஞ்சு மெத்தைப் பலகையைத் தரையில் போட்டு, இளையவளை அதன்மேல் ஏறிக் கண்ணை மூடச் சொன்னாள். அப்பாவை எதிரில் நிற்கவைத்தாள்.

இளையவள் ஏறி நின்றாள். கணுக்கால் இரண்டும் மெல்ல அசைந்து அசைந்து தம்மைச் சரிசெய்துகொண்டன. தோள் ஒன்று உயரமாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் விழவில்லை. வாசலில் ஒரு தள்ளுவண்டி இடித்துக்கொண்டு போன சத்தத்துக்கு அப்பா திடுக்கிட்டார். மகள் அசையவில்லை. அப்பா போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வரும்போது, பஸ்ஸில் இளையவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அப்பா, முதுகு நேராகணும்னு நான் இப்போ செய்யல. ஆரம்பத்துல அதுக்குத்தான் செஞ்சேன். இப்போ விழாம இருக்கணும்னு செய்யுறேன். அது நடக்குது. நீங்க நிறுத்தச் சொன்னாலும் நான் நிறுத்த மாட்டேன்."

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்குகிற இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "நாளைக்கு ஸ்கூல் லீவுதானே? படகுக்கு வர்றியா?" என்று கேட்டார்.

விழ ஆரம்பித்ததிலிருந்து அவள் படகுக்கு வருவதையே விட்டிருந்தாள். வந்தாலும் மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அன்று வந்து நடுத்தளத்தில், எதையும் பிடிக்காமல் நின்றாள். படகு விலகியது, குலுங்கியது, அவள் நேராக ஒரு பெரியவரின் மடியில் போய் உட்கார்ந்தாள். "வாம்மா, இடம் இருக்கு," என்றார் அவர். படகே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே எழுந்து, மறுபடி அதே இடத்தில் நின்றாள். திரும்பும் பயணத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். விடுமுறை நாள் தோறும் வந்தாள். கால் அகட்டி நின்றாள், பிறகு சேர்த்து நின்றாள். சில மாதங்களில் ஒரு காலில் நிற்கத் தொடங்கியதும் பயணிகள் 'கொக்கு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அந்தப் பேரை மறுக்கவில்லை. படகைத் துறையில் கட்டக் கயிறு வீசும் ஆளிடம் கேட்டு, துறையிலுள்ள இரும்புக் கட்டைமேல் கயிற்றை வீசி மாட்டவும் பழகினாள். முறுக்கிய முதுகோடு கயிறு வீசுவது சுலபமில்லை. வலது கை வீச்சு கோணிப் போகும். இடது கையால் வீசிப் பார்த்தாள், அது போய் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

இதைக் கேள்விப்பட்டு அளவு அக்கா ஒருநாள் பார்க்க வந்தாள். பாதி வழியில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தூரமாப் பாருங்க அக்கா, கரையைப் பாருங்க. முட்டியை விறைக்காதீங்க," என்று கொக்கு ஒரு காலில் நின்றபடி ஆலோசனை சொன்னாள்.

"பேசாதே," என்றாள் அளவு அக்கா. "வாயைத் திறந்தா வந்துடும்."

பதினாறு வயதில் வளர்ச்சி நின்றது. வளைவும் அதோடு நின்றது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. கவசத்தைக் கழற்றிவைத்த அன்று, உடம்பு காற்றில் பறப்பதுபோல் இருந்தது என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். முதுகு வளைந்தேதான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. தோளில் பஞ்சு வைத்துத் தைத்தால் வெளியே தெரியாது என்று அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவள் வேண்டாம் என்றாள். பயிற்சியை மட்டும் விடவில்லை. கல்லூரிக்குப் போன மூத்தவள் ஆஸ்டலிலிருந்து போன் பண்ணினால், "மெத்தைமேல நிக்கிறேன், அப்புறம் பேசு," என்று வைத்துவிடுவாள்.

அவளுக்குப் படகு வேலைக்குத்தான் போக வேண்டும். அப்பா தயங்கினார், அம்மா கண்டிப்பாக வேண்டாம் என்றாள். அவள் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாள். நேர்முகத் தேர்வு வரைக்கும் தகராறு இல்லை. உடற்தகுதிப் பரிசோதனையில் வந்து நின்றது. மருத்துவர் வயதானவர், பொறுமையானவர். அவளைக் குனியச் சொன்னார், முதுகைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வேற துறை ஏதாவது பாக்கலாமே, அம்மா. இது கயிறு இழுக்கிற வேலை. ஆடுற தளத்துல நிக்கணும். நாளைக்கு விழுந்து அடிபட்டா கையெழுத்துப் போட்டவன் நான்."

"சரி சார். விழுவேனான்னு நீங்களே பாருங்க."

"எப்படி?"

"உங்க நாற்காலியில இருக்குற அந்தத் திண்டைக் குடுங்க."

அவர் இடுப்புக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்த திண்டு அது. சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் தரையில் போட்டு, ஒரு காலில் ஏறி, கண்ணை மூடினாள். மருத்துவர் எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார். எதிர்பாராத நேரத்தில் தோளில் லேசாகத் தள்ளினார். அவள் ஆடினாள், நிலைக்கு வந்தாள். மறுபக்கம் தள்ளினார். பிறகு எடை தூக்கச் சொன்னார், மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் அந்தத் திண்டில் ஏறிக் கண்ணை மூடிப் பார்த்து, உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கஷ்டம்தான்," என்றார். இருந்தாலும் அவர் உடனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. ஒரு மாதம் வேலை செய்துவிட்டு மறுபடி வந்து காட்ட வேண்டும், வலி வந்தால் மறைக்கக் கூடாது என்று சொல்லித் தற்காலிகமாகத்தான் அனுப்பினார். அவள் ஒரு மாதம் கழித்துப் போய்க் காட்டினாள். வலி வருகிறது என்பதையும் சொன்னாள். எப்போது வருகிறது, எப்படிப் படுத்தால் போகிறது என்று அவர் விசாரித்துக்கொண்டு, நிரந்தரமாகக் கையெழுத்துப் போட்டார்.

அப்பாவின் படகில் அவளைப் போடவில்லை. வேறு படகு. அதை ஓட்டியவர் அதிகம் பேசாதவர். பெண் பிள்ளை, அதுவும் இப்படி முதுகோடு, என்று அவருக்கு மனதில் ஒரு சங்கடம் இருந்தது. முதல் மழைக்காலம் வரும்வரை கயிறு வீசும் வேலையை அவளுக்குத் தராமல், டிக்கெட் கிழிக்கவும் தளம் கழுவவும்தான் விட்டார். அவள் முணுமுணுக்கவில்லை. கழுவும்போதும் எதையும் பிடித்துக்கொள்ளாமல்தான் கழுவினாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் நானும் அந்தப் படகில் இருந்தேன். பாதி வழியில் காற்று திரும்பி, மழை சாய்வாக அடிக்க ஆரம்பித்தது. துறையை நெருங்க நெருங்கப் படகு முன்னும் பின்னும் தூக்கிப் போட்டது. கயிறு வீசும் ஆள் ஈரத்தளத்தில் வழுக்கி விழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தார். துறையில் பிடிப்பதற்கு ஆள் இல்லை. படகு ஒருமுறை தூணில் மோதியது. குழந்தைகள் அலறின. நாங்கள் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டோம்.

கொக்கு கயிற்றை எடுத்துக்கொண்டு முன்பக்கம் நடந்தாள். ஓடவில்லை. ஒவ்வொரு அடியையும் தளம் இறங்கும்போது வைத்து, ஏறும்போது காத்திருந்து நடந்தாள். ஒரு கையில் கயிறு, ஒரு கை விரித்தபடி. முதல் வீச்சு காற்றில் திரும்பி வந்தது. சுருட்டிக்கொண்டாள். இரண்டாவது வீச்சும் வழுக்கியது. படகு மறுபடி துறைப்பக்கம் எழும்பியபோது, அவள் வீசவில்லை. கயிற்றோடு துறையில் குதித்தாள். மண்டியிட்டு விழுந்து, எழுந்து, இரும்புக் கட்டையைச் சுற்றிக் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். கயிறு விறைத்தது. படகு ஒரு முனகலோடு துறையை அணைந்தது.

எல்லோரும் இறங்கி முடியும்வரை அவள் கட்டைப் பக்கத்திலேயே நின்று குழந்தைகளைக் கைகொடுத்து இறக்கிவிட்டாள். படகோட்டி கடைசியாக இறங்கி வந்தார். அவள் அப்போதுதான் ஈரத் தரையில் மெல்ல உட்கார்ந்து, இடது பக்கம் கையை வைத்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பயந்துட்டியாம்மா?"

"இல்லண்ணே. வலிக்குது. தரையில கொஞ்ச நேரம் படுத்து மூச்சுவிட்டா போயிடும்."

"படுத்துக்கோ. நான் குடை பிடிக்கிறேன்."

அவள் துறைக் கொட்டகைக்குள் போய்ச் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தாள். முழங்காலை மடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, பள்ளமான பக்கத்துக்கு மூச்சை அனுப்பினாள். படகோட்டி குடையை விரித்தபடியே கொட்டகைக்குள் நின்றிருந்தார். கூரைக்கு அடியில் எதற்குக் குடை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, நாளைக்குக் கயிறு நீயே பார்த்துக்கொள் என்று சொன்னார். அவள் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினாள்.